கறள் தின்ற பைப்பும் பழி சுமக்கும் சாரதியும்

பழைய பிக்கப்புகளில் பிரேக் பைப் உக்கிப்போவதைப் பற்றி எங்கள் ஊர் மலரில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர் யாழ்ப்பாணத் தீவகத்து மண்கும்பானில் பிறந்து, கனடாவில் வாகனத் தொழில் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். ஊரில் மதிப்புள்ளவர். அவர் சொன்னால் கேட்க ஆளிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிலை எழுதவேண்டி வந்தது. யாரும் பொருட்படுத்தாத ஒருவர் எழுதியிருந்தால் விட்டுவிடலாம். இவர் எழுதியதைக் கராஜில் காட்டிப் பேசுவார்கள், விபத்து விசாரணையில் எடுத்துச் சொல்வார்கள். பின்பெட்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிறவர் இதை நம்பி இன்னும் ஒரு வருசம் அதே பைப்போடு ஓடுவார்.

அவர் சொல்வது இதுதான். மண்கும்பானில் பனியும் இல்லை, வீதியில் உப்புக் கொட்டுவாரும் இல்லை, ஆகவே பிரேக் பைப்பில் கறள் என்பது குளிர்நாட்டுக் கதை. அப்படியே பிடித்தாலும் அது வாகனத்தின் முதுமை. அமெரிக்க அரசே விசாரித்து, அது தயாரிப்புக் குறைபாடு அல்ல என்று 2015இல் கோப்பை மூடிவிட்டது. பைப் உடைய முன்னர் ஒயில் கசியும், கவனிக்கிறவன் கண்டுகொள்வான். ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் பிடிக்கும். இவ்வளவையும் அடுக்கிவிட்டு முடிவாக எழுதுகிறார்: பிரேக் போய்விட்டது என்று சொல்கிற சாரதி பராமரிக்கத் தெரியாதவன், குற்றம் அவனுடையதே.

இதில் ஒன்றுகூட முழுதாக நிற்காது.

உப்பிலிருந்து தொடங்குவோம். பனியில்லாத இடத்தில் உப்பு வேலை செய்யாது என்று ஒருவர் தீவகத்தைப் பற்றி எழுதுகிறார் என்பதை நம்புவதே கடினமாக இருக்கிறது. இரும்பை அரிப்பதற்கு உப்புக்கு வேண்டியது பனி அல்ல, ஈரம். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட் தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் சேர்ந்து வரும் மக்னீசியம் குளோரைட்டுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை, மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதனிலேயே அது நீராகிவிடும். கடல் நடுவே போகும் பண்ணைத் தாம்போதியால் ஒருமுறை வந்துபோன வாகனத்தின் அடியில் படிந்த கடலுப்பு, மழையே இல்லாத மாதத்திலும் இரவில் நனைந்து கிடக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். விடியற்காலையில் செசியின் உட்பக்கம் கையை விட்டுப் பார்த்தால் போதும், விரல் பிசுபிசுக்கும்.

கனடாவில் உப்புக் கொட்டுவது குளிர்காலத்துக்கு மட்டும். கறள் பிடிப்பது ஒரு இரசாயன வினை, குளிரில் அது மெதுவாக நடக்கும். வசந்தம் வந்ததும் வீதியின் உப்பை மழையும் வாகனத்தின் உப்பைக் குழாய்த் தண்ணீரும் கழுவிவிடும். எங்களுக்கு வெப்பம் 30 பாகையை ஒட்டி நிற்கிறது. சோளகம் ஒரு பக்கத்தால் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும், வாடை மறுபக்கத்தால் சேர்க்கும். நல்ல மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியோடு முடிந்துவிடும். அந்த மழையும் வாகனத்தின் முதுகைக் கழுவுமேயொழிய வயிற்றைக் கழுவாது, வயிற்றில் சேற்றைத்தான் அப்பும். உலோக அரிப்பை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 9223 என்ற சர்வதேசத் தரம், உப்புத்தூவல் படும் வெப்பவலயக் கரையோரத்தை ஆகக் கடுமையான வகுப்பில் சேர்த்திருக்கிறது. கட்டுரையாளர் தொழில் பார்த்த நகரத்தைவிட அவர் பிறந்த ஊர் இரும்புக்குக் கொடியது. தொழில் தெரிந்தவருக்கு இது தெரியாமல் இருக்க நியாயமில்லை.

இன்னொன்றையும் அவர் மறந்துவிட்டார். எங்கள் பிக்கப்புகள் என்ன ஏற்றுகின்றன? மீன் ஏற்றுகின்றன, நண்டு ஏற்றுகின்றன, நனைந்த வலை ஏற்றுகின்றன. றெஜிபோம் பெட்டியில் கட்டிய ஐஸ் உருகி, மீனின் உப்போடு கலந்து, பெட்டியின் மூலையால் ஒழுகி, பலகை இடுக்கால் இறங்கி, நேரே பின் அச்சின் மேலே சொட்டுகிறது. அங்கேதான் பின் பிரேக் பைப் இருக்கிறது. வள்ளம் இழுக்கவும் இயந்திரம் இறக்கவும் வாகனத்தைப் பின்னுக்கு எடுத்து அலை படும் இடம்வரை விடுகிறார்கள். ஊர்காவற்றுறையில் ‘பாதை’ என்ற மிதவையில் ஏற்றிக் காரைநகருக்குக் கொண்டுபோகிறார்கள். இப்படி உப்புத் தண்ணீரிலேயே வாழ்கிற வாகனத்துக்கு உப்பு இல்லை என்று எழுதுவதற்கு, ஊரை விட்டுப் போய் எவ்வளவு காலமாகியிருக்க வேண்டும்! போதாததற்கு, இங்கே ஓடும் பழைய ஜப்பான் வாகனங்களில் சில, பனிப் பிரதேசத்து வீதி உப்பில் ஓடியபின் இறக்குமதியானவையாக இருக்கலாம். அவற்றின் கறள் கப்பலிலேயே கூட வந்திருக்கும்.

அடுத்தது அமெரிக்கத் தீர்ப்பு. இதில்தான் கட்டுரையாளர் நேர்மை தவறியிருக்கிறார். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு மறு பாதியை மறைத்திருக்கிறார்.

நடந்தது என்ன? 1999 முதல் 2003 வரையான மொடல்களில் வந்த செவர்லே சில்வராடோ, ஜீஎம்சி சியரா போன்ற ஜெனரல் மோட்டர்ஸ் பிக்கப்புகளில் பிரேக் பைப் கறளால் வெடிக்கிறது என்று உடைமையாளர்கள் முறையிட்டார்கள். முறைப்பாடுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஐந்து ஆண்டுகள் அளவில் விசாரித்து 2015 ஏப்ரலில், இது பல கம்பனி வாகனங்களுக்கும் பொதுவான தேய்மானம், திருப்பி அழைக்கக் கட்டளையிட மாட்டோம் என்று முடித்தது. பிரேக் பைப் தேய்வது பராமரிப்பு விடயம் என்பதே கம்பனியின் நிலைப்பாடாகவும் இருந்தது. இதுவரை கட்டுரையாளர் சொன்னது சரி.

அதே நாளில் அதே நிர்வாகம் நாட்டு மக்களுக்கு ஒரு பாதுகாப்பு எச்சரிக்கையும் விட்டது. 2007 மொடலும் அதற்கு முந்தியவையுமான வாகனங்களின் பிரேக் பைப்பை முழுமையாகப் பரிசோதியுங்கள், ஏழெட்டு வருசம் உப்பில் ஓடினாலே ஆபத்து வரலாம், கறளால் செதில் எழும்பியிருந்தால் துண்டாக ஒட்டாமல் முழுத் தொகுதியையும் மாற்றுங்கள் என்று சொன்னது. அது முதுமைதானே என்று விட்டுவிடச் சொல்லவில்லை. ஏழெட்டு வருசத்தில் வரும் முதுமை என்ன முதுமை? எங்கள் வீதியில் ஓடும் பிக்கப்புகளில் ஏழெட்டு வயதுள்ளது புது வாகனம். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் திறந்தது. அந்த ஐந்து வருசமும் மாற்ற வழியில்லாமல் பழையதையே இழுத்து ஓடியவர்கள் நாங்கள்.

மறைக்கப்பட்ட மற்றப் பாதி இன்னும் கனமானது. 2014இல் சுபாரு கம்பனி ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திருப்பி அழைத்தது. காரணம் இதே காரணம். எரிபொருள் தாங்கிக் காப்புறையின் இடைவெளியால் உப்புத் தண்ணீர் தெறித்து பிரேக் பைப் உக்கியது. 2009இல் ரொயோட்டா தன் டன்ட்ரா பிக்கப்புகளைத் திருப்பி அழைத்தது, 2000 முதல் 2003 வரையானவை. அவற்றின் செசியின் பின் குறுக்குச் சட்டம் கறளால் உக்கினால், அதில் பூட்டிய பின் பிரேக் தொகுதியும் சேர்ந்து போகும் என்பது ஒரு காரணம். ஒரு கம்பனிக்குத் தேய்மானமாகத் தெரிந்தது இன்னொரு கம்பனிக்குத் திருத்தவேண்டிய குறையாகத் தெரிந்திருக்கிறது. அப்படியிருக்க, கறள் யாருக்கும் பொறுப்பில்லாத இயற்கை என்று ஒரேயொரு தீர்ப்பைக் காட்டி வாயடைக்க முடியாது. இந்தத் திருப்பி அழைப்புகள் எல்லாம் பனி விழும் மாநிலங்களின் பட்டியலை வைத்துத்தான் நடந்தன. அந்த வரைபடத்தில் நெடுந்தீவு இல்லை, நயினாதீவு இல்லை, எந்த வெப்பவலயக் கரையோரமும் இல்லை. எங்களை எண்ணாமல் எழுதிய ஒரு முடிவை எங்களுக்கு எதிரான சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார் எங்கள் ஊர்க்காரரே.

இரும்புக் குழாய்தான் ஒரே வழி என்றாவது இருந்திருந்தால் முதுமைக் கதைக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். அதுவும் இல்லை. வொல்வோ 1976இலேயே செம்பு நிக்கல் கலவைக் குழாய்க்கு மாறிவிட்டது. உப்பில் அது அரிபடுவது மிகக் குறைவு, அழுத்தத்தையும் தாங்கும், கையால் வளைக்கலாம். பின்னாளில் பல கம்பனிகள் நைலோன் போர்த்த உருக்குக் குழாய்க்குப் போயின. தெரிந்த மருந்தைப் பாவிக்காமல் விட்டபிறகு நோயை விதி என்று சொல்வது என்ன நியாயம்?

இனி, கசியும், தெரியும், பார்க்கலாம் என்ற வாதம். சாரதியின் தலையில் பழியைக் கட்டுவதற்கு இதுதான் கயிறு. ஆகவே இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பிரேக் பைப் மாஸ்டர் சிலிண்டரில் தொடங்கி, எஞ்சின் அறையின் ஓரத்தால் இறங்கி, செசிச் சட்டத்தின் உட்பக்கத்தோடு பின்னுக்கு ஓடுகிறது. வழியில் டீசல் தாங்கிக்கு மேலால் அல்லது பின்னால் மறைகிறது. பிறகு ரப்பர் ஹோசில் சேர்ந்து அச்சுக்குப் போகிறது. ஆளொருவர் நிலத்தில் படுத்து ரோர்ச் அடித்தால் முன்பக்கத்தில் கொஞ்சமும் பின்னால் கொஞ்சமும் தெரியும். நடுப்பகுதி தெரியாது.

வேலணையில் ஒரு கராஜில், பழைய ஹைலக்ஸ் ஒன்றின் தாங்கியை இறக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தாங்கியின் முதுகில் மணலும் பனந்தும்பும் சேர்ந்து ஒரு படலமாக ஒட்டிக் கிடந்தது. மழை கண்டு மாதக்கணக்காகியிருந்தும் அதற்குள் ஈரம். அதற்கு மேலே மூன்று பைப்புகளைச் சேர்த்துப் பிடித்த பிளாஸ்டிக் கிளிப். கிளிப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பைப் கறுப்பாக, நல்லதாகவே தெரிந்தது. கராஜ் தம்பி ஸ்குருடிரைவரால் கிளிப்பை நெம்பி எடுத்தார். கிளிப் இருந்த இடத்தில் பைப் இரண்டு மடங்கு பருத்துப் போயிருந்தது. பருத்தது இரும்பல்ல, கறள். நகத்தால் சுரண்டியதும் பொருக்காகக் கழன்று விழுந்தது, அடியில் மிஞ்சியிருந்த இரும்பு தகடாகக்கூட இல்லை. ‘காலமை வரேக்கையும் பிரேக் நல்லாத்தானே அண்ணை பிடிச்சது’ என்று உடைமையாளர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார். அவர் சொன்னது பொய்யல்ல. நல்லாகத்தான் பிடித்திருக்கும்.

ஏன் என்று கட்டுரையாளருக்குத் தெரியும், வாசகர்களுக்குச் சொல்லவில்லை. இந்தக் குழாயின் சுவர் புதிதாக இருக்கும்போதே 0.7 மில்லிமீற்றர் அளவுதான். அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.25 மில்லிமீற்றர், குறைந்தால் வாகனத்தைத் தள்ளிவிட வேண்டும் என்பது பிரித்தானிய வருடாந்தப் பரிசோதனைக் கையேடு நெடுங்காலமாகக் கொண்டிருந்த அளவு. நாளாந்தம் மெதுவாகக் கால் வைத்து நிறுத்தும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைவு. மெலிந்த சுவரும் அதைத் தாங்கும். ஆடு குறுக்கே பாயும்போது, பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளைத் திருப்பும்போது, முழுப் பலத்தோடு மிதிக்கிறோமே, அப்போது அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் இறாத்தலைத் தாண்டும். மெலிந்த இடம் அந்தக் கணத்தில்தான் வெடிக்கும். நூறு தடவை பிடித்த பிரேக், பிடிக்கவே வேண்டிய ஒரு தடவையில் போகிறது. முதலில் கசியும், பிறகுதான் போகும் என்ற ஒழுங்கு சில வாகனங்களுக்கு அமையலாம். அதை எல்லாவற்றுக்கும் விதியாக எழுதி, கசிவைக் காணாதவன் குற்றவாளி என்பது அநியாயம். பிரேக் ஒயில் குறைந்தால் டாஷ்போர்ட்டில் சிவப்பு வெளிச்சம் எரியுமே என்கிறார். ஒயில் வெளியே போனபிறகு எரிகிற வெளிச்சம் அது. பைப் மெலிவதை அது காட்டாது.

அடிப்பக்கத்தைக் கழுவுங்கள் என்றும் புத்தி சொல்கிறார். எந்தத் தண்ணீரால்? மண்கும்பானிலும் அல்லைப்பிட்டியிலும் மணற்பிட்டிகளின் கீழே நல்ல தண்ணீர் ஊறுகிறது, நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். புங்குடுதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. குடிக்கவே பவுசருக்குக் காத்திருக்கும் வீடுகளில் வாகனத்தின் வயிற்றைக் கழுவ உவர்க்கிணறுதான் மிஞ்சும். உவர்த் தண்ணீரால் கழுவுவது உப்பைப் புதுப்பிக்கும் வேலை. ரொறன்ரோவின் குழாய்த் தண்ணீரை மனதில் வைத்துக்கொண்டு தீவுக்கு வழி சொல்லக்கூடாது.

இரண்டு சுற்று உண்டு, ஒன்று போனால் மற்றது பிடிக்கும் என்கிறார். உண்மை, முன் சில்லுகளுக்கு ஒன்று, பின் சில்லுகளுக்கு ஒன்று. ஆனால் பின் பைப் வெடித்ததும் பெடல் திடீரென்று கீழே போகும். சாரதிக்கு அது பிரேக்கே இல்லாதது போலத்தான் இருக்கும். மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் வாகனம் ஒரு நொடியில் 11 மீற்றர் ஓடிவிடும். அவர் திகைத்து மறுபடி மிதிப்பதற்குள் தாம்போதி விளிம்பு வந்துவிடும். பின்னால் அரைத் தொன் மீன் இருக்கும்போது முன் சில்லு மட்டும் பிடித்தால் எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்று அவரே கணக்குப் போடட்டும். அதோடு, வழக்கத்தைவிட ஆழமாகப் பெடல் இறங்கும்போது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல்கள், நெடுநாள் போகாத, கறள் பிடித்த பகுதியில் உரசிக் கிழிவதும் நடக்கும். அப்போது முன் சுற்றும் போய்விடும். ஹான்ட் பிரேக் என்றால், அதன் கேபிளும் இதே உப்பில்தான் கிடந்தது.

ஏழைகளின் பெயரால் அவர் எழுப்பிய வாதத்துக்கு வருகிறேன். இதுதான் வாசகரின் மனதைத் தொடும், இதுதான் மிகவும் ஆபத்தானதும்கூட. பிரேக் பைப், கறள் என்று பயமுறுத்தினால் பழைய பிக்கப்பை நம்பிச் சீவிக்கிறவன் எங்கே போவான் என்று கேட்கிறார். நான் திருப்பிக் கேட்கிறேன், அந்தப் பிக்கப்பின் பின்பெட்டியில் நிற்பது யார்? ஆனியில் நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குக் குறிகட்டுவான்வரை அதில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் யார்? முன்னால் சைக்கிளில் போகிறவர் யார்? எல்லோரும் அதே ஏழைகள்தான். ஏழைக்கு இரக்கப்பட்டு ஏழையையே பலிகொடுக்கும் இரக்கம் எங்களுக்கு வேண்டாம்.

காசில்லாமையால் இங்கே உண்மையில் நடப்பது என்ன என்பதையும் அவர் எழுதவில்லை. பின் பைப் வெடித்தால், அதை வெட்டி நுனியை மடித்து அடித்து அடைத்துவிட்டு, முன் பிரேக்கோடு மட்டும் ஓடும் வாகனங்கள் இருக்கின்றன. உக்கிய துண்டை மட்டும் வெட்டி இடையில் புதுத் துண்டு செருகுகிறார்கள். மூட்டு இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும், ஏனென்றால் முழுப் பைப்பும் ஒரே வயது. ஆகக் கொடியது, குளிரூட்டிக்குப் பாவிக்கும் வெறும் செப்புக் குழாயைப் பூட்டுவது. பார்க்க மினுங்கும், கறளும் பிடிக்காது. ஆனால் அதிர்வில் இறுகி, வெடித்துப் பிளக்கும், பிரேக்கின் அழுத்தத்துக்குச் செய்த குழாயல்ல அது. செம்பு நிக்கல் வேறு, வெறும் செம்பு வேறு. கனடாவில் தொழில் பார்த்தவர் தன் கட்டுரையில் இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லியிருந்தால் போதும், அவருக்கு நான் மாலை போட்டிருப்பேன். நாலு பக்கத்தைச் சாரதியைத் திட்டுவதற்கே செலவழித்துவிட்டார்.

அரசின் பக்கத்தையும் அவர் தொடவில்லை. 2008 முதல் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. வருசாவருசம் வாகனத்தைக் கொண்டுபோய்ப் புகைக்குழாயில் கருவி வைத்துப் பார்க்கிறார்கள். நல்லது. அதே வாகனத்தின் பிரேக் பைப்பை அந்தப் பரிசோதனை திரும்பியும் பார்ப்பதில்லை. வாகனத்தை உயர்த்தி, கிளிப்புகளைத் தள்ளி, தாங்கியின் மேல் விளிம்பில் வெளிச்சம் அடித்துப் பார்க்க நீண்ட நேரம் ஆகாது. உப்புக் காற்றுப் படும் பிரதேசங்களுக்காவது அதைக் கட்டாயமாக்கு என்று கேட்க வேண்டிய இடத்தில், சாரதியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி அரசையும் கம்பனியையும் ஒருசேர விடுதலை செய்திருக்கிறார்.

அரசு அதைச் செய்யும்வரை சாரதிகள் செய்யக்கூடியது உண்டு. பத்து வருசம் தாண்டிய பிக்கப் என்றால், வெடிக்கும்வரை காத்திராமல் முன்னிருந்து பின்வரை முழுப் பைப்பையும் செம்பு நிக்கலில் மாற்றுங்கள். நுனியை இரட்டை மடிப்பாக அடிக்கச் சொல்லுங்கள், ஒற்றை மடிப்பு பிரேக்குக்கு ஆகாது. பழைய கிளிப்பைத் திரும்பப் பூட்டவேண்டாம். ஹோசையும் பிரேக் ஒயிலையும் அதோடு சேர்த்து மாற்றி, எயார் எடுத்து முடியுங்கள். மீன் ஏற்றுகிறவர்கள் பெட்டியின் ஒழுக்கை ஒரு குழாய் வைத்து அச்சுக்கு அப்பால் இறக்குங்கள்.

கட்டுரையாளரிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. உப்பைப் பற்றியும் அமெரிக்காவைப் பற்றியும் அவர் எழுதியதை அவர் விருப்பம்போல் வைத்துக்கொள்ளட்டும். குற்றம் சாரதியுடையதே என்ற வரியை மட்டும் அடுத்த மலரில் அவர் பெயரோடு மீளப்பெற வேண்டும். விபத்து நடந்தால் எங்கள் பிள்ளை கூண்டில் நிற்பான். அப்போது அவன் பக்கத்தில் இருக்கக்கூடிய ஒரே சாட்சி, செசிக்குள் உக்கிக் கிடக்கும் அரை முழப் பைப். பராமரிக்காதவன் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டால் அந்தப் பைப்பை வெட்டியெடுத்துப் பார்க்க ஒருவரும் மினக்கெட மாட்டார்கள். வாகனம் பழைய இரும்புக்குப் போய்விடும், பைப்பும் அதோடு போய்விடும்.